காரணம் எழுதும் கட்டம்

பேருந்து நிலையத்தில் எனக்கு இரண்டு பெயர்கள். வருகைப் பதிவேட்டில் டைம் கீப்பர். ஓட்டுநர்கள் என் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் சிவப்பு மை. எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று குறிப்பதுதான் என் வேலை. நேரத்துக்கு வந்தால் நீலம், தாமதம் என்றால் சிவப்பு. பதினான்கு வருடமாக அதே ஜன்னல், அதே இரண்டு பேனா. ரயில்வே கேட் போட்டுவிட்டான், ஒரு அம்மா மயங்கி விழுந்துவிட்டார், டயர் போய்விட்டது என்று அவர்கள் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு கதை சொல்வார்கள். "காரணத்தைக் கட்டத்துல எழுதுங்க" என்று தாளைத் திருப்பித் தருவேன். முகத்தைப் பார்த்தால் இரக்கம் வந்துவிடும் என்பதால் தாளை மட்டும் பார்ப்பேன். என்னை நல்லவன் என்று யாரும் சொன்னதில்லை. நேரம் தவறாதவன் என்று சொல்வார்கள், அது போதும் என்றிருந்தேன்.

இப்படிப்பட்டவனோடு ஒருத்தி பதினொரு வருடம் குடித்தனம் நடத்தியதே பெரிய விஷயம். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். கடைசி ஆள் வந்து கையை நீட்டிவிட்டுப் போகும்வரை அவளால் கிளம்ப முடியாது. எனக்கோ ஆறு மணி என்றால் ஆறு மணி. பிரிந்ததற்கு இதைவிடப் பெரிய கதை ஏதும் கிடையாது. ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மூச்சு முட்டிப் போனோம். மகள் அம்மாவோடு இருப்பாள், சனிக்கிழமை காலை பத்திலிருந்து மாலை நான்குவரை என்னோடு இருப்பாள் என்று நீதிமன்றம் சொன்னது. முதலில் வீட்டு வாசலில்தான் குழந்தையை வாங்கிக்கொண்டும் கொடுத்துக்கொண்டும் இருந்தோம். அங்கே நாங்கள் போட்ட சண்டையில் பக்கத்து வீட்டுக் கதவெல்லாம் திறந்தது. பிறகு போனில் போட்டோம். அதன்பிறகு வாசலும் கிடையாது, போனும் கிடையாது. நீதிமன்றத்துக்குப் பின்னால் இருக்கும் சந்திப்பு மையத்தில், பதிவேட்டில் நேரம் குறித்துக் கையெழுத்துப் போட்டுக் குழந்தையை மாற்றிக்கொள்ள வேண்டும். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மையத்துக்குப் போன் செய்யலாம், அவர்கள் எழுதிக்கொள்வார்கள்.

அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. பதினொரு சனிக்கிழமைகள் அவள் எத்தனை நிமிடம் தாமதமாக வந்தாள் என்று வீட்டில் ஒரு தாளில் கோடு போட்டுக் குறித்து வைத்தேன். மொத்தம் நூற்று முப்பத்து நான்கு நிமிடம். என் மகளோடு நான் இருக்க வேண்டிய நிமிடங்கள் அவை, நான் கேட்டதில் தவறில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் கேட்டபோது எனக்கு இருந்த சந்தோஷம் இருக்கிறதே, அதுதான் தவறு. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு நீதிமன்றம் போனேன். நீதிபதி அம்மா அந்தத் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன்.

"அதானே" என்றார்.

பிறகு ஒரு உத்தரவு போட்டார். கால் மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் அது ஒரு தவறு. ஆறு மாதத்துக்குள் மூன்று தவறு. அம்மா செய்தால் அப்பாவுக்கு மாதம் ஒரு ஞாயிறு கூடுதல். அப்பா செய்தால் ஆறு மணி நேரம் இரண்டு மணி நேரமாகும், அதுவும் மையத்துக்குள்ளேயே, ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க. தக்க காரணம் இருந்தால் பதிவேட்டில் எழுதலாம், படித்துப் பார்த்து முடிவு செய்யப்படும். கூடவே அவளுடைய வக்கீல் ஒரு வரியைச் சேர்த்தார். என் வீட்டிலேயே தங்கிவிட்ட மகளுடைய ஸ்வெட்டருக்காக நடந்த சண்டையை வைத்து, குழந்தை வந்த உடையிலேயே திரும்ப வேண்டும், துணிமணி எதுவும் அங்குமிங்கும் போகக் கூடாது என்று. என் வக்கீல் வெளியே வந்து என் கையைக் குலுக்கினார். விதியை நாம்தானே கேட்டோம், ஜெயித்தது நாம்தான் என்றார்.

அன்றிலிருந்து அவள் ஒரு நிமிடம்கூடத் தாமதமாக வந்ததில்லை. ஒன்பது ஐம்பதுக்கே வந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பரிசோதனைக் கூடத்தில் யாரிடம் கெஞ்சி நேரத்தை மாற்றிக்கொண்டாளோ தெரியாது. தாமதமானது நான்தான். முதல் முறை பாலத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டது, நான்கு பதினேழு. காரணம் எழுதினேன். அவளுடைய வக்கீல் முன்னாலேயே கிளம்பியிருக்கலாமே என்றார், நீதிபதி அம்மாவும் ஆமாம் என்றார். இத்தனை வருடம் நான் ஓட்டுநர்களிடம் சொன்ன அதே பதில். இரண்டாவது முறை மகள் செருப்பில் ஒன்றைப் பேருந்திலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டாள். வந்த உடையில் செருப்பும் சேர்த்திதானே, ஓடிப்போய் எடுத்து வந்தோம். நான்கு இருபத்திரண்டு.

மையத்தில் அந்த அறை எனக்குத் தெரியும். பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது எதிரே தெரியும். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே குழந்தைகள் உட்காரும் குட்டை நாற்காலிகள், பாதித் துண்டுகள் தொலைந்துபோன புதிர் அட்டைகள், மூலையில் ஒரு மேசை. மேசையில் பதிவேட்டம்மா உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பார். பெயர் தெரியாததால் நான் வைத்த பெயர் அது. ஒருநாள் உள்ளே ஒரு ஆஜானுபாகுவான மனிதர் முழங்கால் மார்பில் முட்ட உட்கார்ந்து, தன் பையனிடம் மதியம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் அதையே மூன்று முறை கேட்டுவிட்டார். அந்த நாற்காலியில் என்னை வைத்துப் பார்த்தேன். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மகளுக்கு ஒன்பது வயது. வாலு என்று பெயர் வைத்ததும் நான்தான். ஒரு காலத்தில் அந்தப் பெயருக்கு அவள் வஞ்சனை செய்யாமல் நடந்துகொண்டாள். அலமாரி மேலிருந்து குதிப்பாள், என் விசிலை எடுத்துப்போய்த் தெருவில் போகும் பேருந்துகளை நிறுத்துவாள். இப்போது எதைக் கேட்டாலும் "ம்" என்கிறாள். சாப்பிடுகிறாயா, ம். பூங்காவுக்குப் போகலாமா, ம். நீதிமன்றத்தில் சாட்சி சொல்கிறவர்கள்கூட இவளைவிட அதிகமாகப் பேசுவார்கள்.

மூன்றாவது முறை தாமதமான அந்தச் சனிக்கிழமை எல்லாம் நன்றாகத்தான் போனது. என்னுடையது மாடியில் ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, ஜன்னலுக்கு நேர் கீழே பேருந்து நிறுத்தம். காலையில் படம் வரைந்தாள். மதியம் இரண்டு பேருமாக முட்டை பொரித்துச் சாப்பிட்டோம். முட்டையை அவள்தான் உடைத்தாள், பாதி அடுப்பில் விழுந்தது, நான் எதுவும் சொல்லவில்லை. சாப்பிட்டதும் என் கட்டிலில் படுத்துத் தூங்கிப்போனாள். இந்த அறையில் அவள் தூங்கியது அதுதான் முதல் தடவை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பயமிருக்கும் இடத்தில் குழந்தை இப்படி வாயைத் திறந்துகொண்டு தூங்குமா என்று நினைத்தேன். நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று மணிக்கு எழுப்ப வேண்டும். மூன்று பத்து வண்டி, அதை விட்டால் மூன்று இருபத்தைந்து. இருபத்தைந்தில் ஏறினால் நான்கு ஐந்துக்கு மையம். அதையும் விட்டால் இந்த நிறுத்தத்தில் மூன்று ஐம்பதுதான், ஏறினாலும் பயனில்லை. சனிக்கிழமை பாலத்தில் வாடகைக் காரும் நகராது, பேருந்துக்காவது தனிப் பாதை இருக்கிறது.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் கட்டிலில் அவள் இல்லை. போர்வையும் விரிப்பும் இல்லை. குளியலறைக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"வாலு, என்ன பண்றே?"

கதவைத் தள்ளிப் பார்த்தேன்.

"மணி மூணாச்சும்மா. கிளம்பணும்."

"நான் வரல."

"வயிறு வலிக்குதா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? கதவைத் திற."

"திறக்கமாட்டேன்."

மூன்று பத்து வண்டி கீழே வந்து நின்று கிளம்பிப் போனது. நான் கதவைத் தட்டினேன், கெஞ்சினேன், அதட்டினேன். பின்பக்க வராந்தாவுக்குப் போய்க் குளியலறை ஜன்னலைப் பார்த்தேன், என் கை நுழையும் அளவுகூட இல்லை. திரும்பி வந்து மறுபடி தட்டினேன். உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும்தான். மூன்று பதினாறு. மூன்று பதினெட்டு. என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

நேரம் நெருக்கும்போது என் புத்தி ஒரே பாதையில்தான் போகும். எவன் வேண்டுமென்று செய்கிறான் என்று தேடும். மூணாவது தடவையைச் சீக்கிரம் வர வைக்கப் பார்ப்பாங்க சார், உஷாரா இருங்க என்று என் வக்கீல் சொல்லியிருந்தார். அன்று காலை குழந்தையை விடும்போது அவள் அம்மா குனிந்து காதோடு என்னவோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். அதைக்கூட நான் கடிகாரத்தில் பார்த்தேன், நாற்பது விநாடி.

கதவில் வாயை வைத்துச் சொன்னேன். "அம்மா சொல்லிக்குடுத்துத்தான் இப்படி நடிக்கிறியா? என்னை லேட்டாக்கச் சொல்லி அனுப்பினாங்களா?"

குழாய் நின்றது. எனக்குப் பெரிதாக எதையோ கண்டுபிடித்துவிட்ட நினைப்பு.

பிறகு குரல் வந்தது. கதவின் அடிப்பக்கத்திலிருந்து வந்தது, தரையில் உட்கார்ந்திருந்தாள் போல.

"கட்டில்ல போயிட்டேன்ப்பா. தூக்கத்துல."

எனக்கு உடனே புரியவில்லை.

"துவைச்சுட்டேன். டிரெஸ்ஸையும் துவைச்சுட்டேன். இப்ப எல்லாம் ஈரமா இருக்கு, போட்டுக்க ஒண்ணும் இல்ல."

மூன்று வயதுக்குப் பிறகு அவள் படுக்கையை நனைத்ததே இல்லை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சொன்னதைத் திரும்ப வாங்க ஒரு வழியும் தெரியாமல் அந்தக் கதவின் முன்னால் நின்றேன். மாடியிலிருந்து எடுத்து வந்த சட்டைகளில் ஒன்றைக் கதவின் பக்கமாக நீட்டினேன். "இதைப் போட்டுக்கிட்டு வா. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

தாழ் திறந்தது. சட்டை உள்ளே போனது. சற்று நேரத்தில் முழங்காலுக்குக் கீழே தொங்கும் என் நீலச் சட்டையில், கை எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் வெளியே வந்தாள். ஒரு கையில் பிழிந்த கவுன்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"சொல்லமாட்டேன்."

"எழுதவும் கூடாது."

"எழுதமாட்டேம்மா."

"நான் நகம் கடிக்கிறது கோர்ட் பேப்பர்ல வந்துச்சு. அம்மாவோட வக்கீல் மாமா வீட்ல வந்து சத்தமா படிச்சார்."

நகம் கடிப்பதை மனுவில் எழுதச் சொன்னது நான்தான். தாயின் வீட்டில் குழந்தை மன அழுத்தத்தில் இருக்கிறது என்பதற்கு ஆதாரமாக அதைக் கொடுத்தேன். படுக்கையை நனைத்ததும் பதிவேட்டில் ஏறிவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தகப்பன் வீட்டில்தான் இப்படி ஆனது என்பார் அவள் வக்கீல். தாய் வீட்டில் நடப்பதன் விளைவு என்பார் என் வக்கீல். இரண்டு பேரும் எழுந்து நின்று, ஆள் நிறைந்த ஒரு கூடத்தில், என் மகள் தூக்கத்தில் செய்ததைப் பற்றி மாறி மாறிப் பேசுவார்கள். ஒன்பது வயதில் அதை அவளே கண்டுபிடித்திருக்கிறாள்.

என் சட்டையோடு அவளைக் கூட்டிப்போக முடியாது. உத்தரவு ஒரு பக்கம், எல்லோரும் பார்ப்பார்களே என்று அவள் மறுபக்கம். இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, மேசைமேல் துண்டை விரித்து, கவுனைப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன். இரண்டு அடுக்குத் துணி, இடுப்பில் சுருக்கு வைத்துத் தைத்தது. ஆவி குப்பென்று முகத்தில் அடித்தது. ஒரு பக்கம் காய்ந்தால் மறுபக்கம் ஈரம். அவள் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று இருபத்தைந்து வண்டி கீழே வந்து நின்றது. இரண்டு பேருக்கும் அந்தச் சத்தம் கேட்டது. கதவு மூடும் சத்தமும் கேட்டது.

"லேட்டாயிடுமாப்பா?"

"ஆகும்."

"இது மூணாவதா?"

இதெல்லாம் அவளுக்கு யார் சொன்னது என்று கேட்க வாயெடுத்தேன். எங்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யார் சொல்லியிருக்க முடியும்.

"ஆமா."

"அப்ப கண்ணாடி ரூமா?"

"பாக்கலாம்."

அவள் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து கவுனின் ஓரத்தைப் பிடித்தாள். "பரவால்லப்பா. ஈரத்தோடயே போட்டுக்கிறேன். ஓடிப்போய் வேற பஸ் பிடிக்கலாம்."

அந்த ஒரு நொடி நான் யோசித்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. இரண்டு ஸ்டாப் தள்ளி வேறு தடத்தில் மூன்று முப்பத்தைந்துக்கு ஒரு வண்டி இருக்கிறது. ஓடினால் பிடிக்கலாம், அது நான்கு பதினான்குக்கு விடும். ஈரக் கவுனோடு அவள் அந்த வண்டியில் நாற்பது நிமிடம் நின்றுகொண்டு வருவாள். இறங்கும்போது பின்னால் இருக்கிறவர்கள் பார்ப்பார்கள். அம்மா தொட்டுப் பார்ப்பாள், பதிவேட்டம்மா ஏன் ஈரம் என்று கேட்பார்.

"போய் உக்காரு. காயட்டும்" என்றேன். குனிந்து இடுப்புச் சுருக்கைத் தேய்த்தேன்.

மூன்று நாற்பதுக்கு மையத்துக்குப் போன் போட்டேன். பதிவேட்டம்மாதான் எடுத்தார்.

"அரை மணி நேரம் லேட்டாகும் மேடம்."

"காரணம் சொல்லுங்க சார், எழுதிக்கிறேன். குழந்தைக்கு உடம்பு சரியில்லையா? டாக்டர் சீட்டு இருந்தா கொண்டு வாங்க."

வாலு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"வண்டி ஏதும் நின்னுபோச்சா?"

"இல்ல."

"அப்ப சும்மா லேட்டா சார்?"

"ஆமா மேடம். சும்மாதான்."

மூன்று ஐம்பது வண்டியில் ஏறினோம். ஓட்டுநர் எனக்குப் பழக்கமானவர், என்னிடம் பலமுறை சிவப்பு வாங்கியவர். கண்ணாடியில் என்னையும் கடிகாரத்தையும் பார்த்தார். என் சனிக்கிழமைக் கதை நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும், என் முன்னால் யாரும் பேசுவதில்லை, அவ்வளவுதான். சிக்னலில் நின்றபோது பின்னால் சாய்ந்து மெதுவாகக் கேட்டார். "சார், பாலத்துல அரை மணி நேரம் நின்னுச்சுன்னு ஷீட்ல போட்டுரவா? ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

என்னை நக்கலடிக்கவில்லை, நிஜமாகத்தான் கேட்டார். நாக்கு நுனிவரை சரி என்று வந்துவிட்டது.

"வேண்டாங்க. அந்த ஷீட் நாளைக்கு என் மேசைக்குத்தான் வரும்" என்றேன். அதைவிட, முதல் முறை பாலத்தில் நின்றபோதே அவளுடைய வக்கீல் நிலையத்துக்குக் கடிதம் எழுதி விசாரித்தார். இவரையும் இழுத்துவிடுவார்கள். ஓட்டுநர் தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தார். வழியெல்லாம் வாலு கவுனை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள். இடுப்பில் ஒரு விரல் அகலத்துக்கு இன்னும் ஈரம் இருந்தது, பையை அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

நான்கு முப்பத்தாறு. மையத்தில் அவள் அம்மா நின்றுகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து குழந்தையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். என்னிடம் பேசக் கூடாது, அதனால் சுவரைப் பார்த்துக்கொண்டு, "முப்பத்தாறு நிமிஷம்" என்றாள். சொல்லும்போது அவள் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் இருந்தது. அந்த அரை மணியில் அவள் என்னவெல்லாம் நினைத்திருப்பாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பதிவேட்டம்மா நோட்டைத் திருப்பி என் பக்கம் வைத்தார். தேதி, வர வேண்டிய நேரம், வந்த நேரம், காரணம், கையொப்பம்.

"சார், இது மூணாவது" என்றார் தாழ்ந்த குரலில். "ஏதாவது இருந்தா எழுதுங்க. அவங்க பாத்துட்டு விட்டுருவாங்க. எத்தனையோ பேருக்கு விட்டிருக்காங்க."

வாலு அம்மாவின் பக்கத்தில் நின்று என் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, கையை மட்டும்தான் பார்த்தாள்.

'காரணம் எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் அம்மா எட்டிப் பார்த்தாள். ஐந்து நிமிடத் தாமதத்துக்கு இரண்டு பக்கம் எழுதுகிறவன் நான் என்று அவளுக்குத் தெரியும். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள், மூன்று வருடத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். பிறகு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

பதினைந்து நாளில் உத்தரவு வந்தது. என் வக்கீலுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு காரணம், ஒரே ஒரு காரணம், வாந்தி எடுத்தாள் என்று எழுதியிருந்தால்கூடப் போதுமே சார் என்று மேசையைத் தட்டினார். டாக்டர் சீட்டு கேட்டிருப்பார்கள் என்றேன். உங்களை மாதிரி ஆளை நான் பார்த்ததில்லை என்றார்.

இப்போது சனிக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரை. குட்டை நாற்காலியில் நான் உட்கார்ந்தால் முழங்கால் மார்புக்கு வருகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையெழுத்துப் போட வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு அவசரமாகத் திரும்பிக்கொள்கிறார்கள். மூலையில் பதிவேட்டம்மா. நல்ல மனுஷிதான், மேசைக்கு அடியில் மிட்டாய் வைத்திருக்கிறார். ஆனால் அவர் வேலை எழுதுவது. குழந்தை சிரித்தால் எழுதுவார், சிரிக்காவிட்டாலும் எழுதுவார். அவருக்கும் ஒரு மேலதிகாரி இருக்கிறார், தாள் காலியாக இருந்தால் கேள்வி வரும்.

முதல் நாள் ஒரு மணி நேரம் புதிர் அட்டையை அடுக்கினோம். யானைக்குத் தும்பிக்கை இல்லை. ஸ்கூலில் என்ன நடந்தது என்று கேட்டேன். ம் என்றாள். அதையே இன்னொரு முறை கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். மணி பதினொன்றரை இருக்கும், அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு என் காதில் என்னவோ சொல்ல வந்தாள்.

"ரகசியம் பேசக்கூடாதுடா கண்ணு" என்றார் பதிவேட்டம்மா. "சத்தமா பேசணும். அது இங்க ரூல்."

வாலு கொஞ்ச நேரம் யோசித்தாள். எதைச் சொல்லலாம், எதை விடலாம் என்று அவள் பிரித்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. பெரியவர்கள் சாட்சிக் கூண்டில் ஏறுவதற்குமுன் அப்படித்தான் நிற்பார்கள்.

"அன்னிக்கு நடந்ததை அம்மாகிட்ட சொல்லிட்டேன்ப்பா."

"எல்லாத்தையுமா?"

"ம். அம்மா அழுதாங்க. நான் எழுதிக் குடுக்கட்டுமா, அப்பாவுக்குப் பழைய மாதிரி ஆயிடும்னாங்க. நான்தான் வேண்டாம்னேன்." அவள் குரல் தேய்ந்தது. "கோவமா?"

"இல்லம்மா. நீ சொன்னதுதான் சரி." என் பொருட்டு எழுதுகிறேன் என்று அவள் அம்மா சொல்லியிருக்கிறாள். அது அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத்தான் தெரியும்.

"ஆனா ஒண்ணை மட்டும் சொல்லலப்பா" என்றாள். "நீங்க கதவுகிட்ட நின்னு என்னைக் கேட்டீங்கல்ல. அதைச் சொல்லல."

என் கையிலிருந்த அட்டைத் துண்டு கீழே விழுந்தது. பதிவேட்டம்மா நிமிர்ந்தார். அவர் பேனா தாள்மேல் தயாராக இருந்தது.

"அப்பா என்ன கேட்டாரும்மா?"

அறையில் மூன்று பேர். கண்ணாடிக்கு அப்பால் யாரோ நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் மகளிடம் நான் கேட்டது தாளில் ஏறினால் இந்த இரண்டு மணி நேரமும் போய்விடும். நான் சொல்லிவிடலாம், நான்தான் தவறாகக் கேட்டேன் மேடம் என்று சொல்லிவிடலாம். வாய் திறக்கவில்லை. வாலு ஒரு தடவை என்னைப் பார்த்தாள், பிறகு பதிவேட்டம்மாவின் கண்ணை நேராகப் பார்த்தாள். ஒன்பது வயதுக் குழந்தைக்கு முகத்தை அப்படி வைத்துக்கொள்ளத் தெரியக் கூடாது.

"பசிக்குதான்னு கேட்டார், ஆன்ட்டி."

பதிவேட்டம்மா அதை எழுதிக்கொண்டார். நான் குனிந்து கீழே விழுந்த அட்டைத் துண்டை எடுத்தேன்.